நாலு நான், ஒரு மூடை

எட்டு வயதில் என்னை ஒரு தடவை தராசில் வைத்து எடை போட்டார்கள். நாற்பத்திரண்டு ராத்தல், இப்போதைய கணக்கில் பத்தொன்பது கிலோ, இருந்தேன். அந்த எடையால் எங்கள் அத்தை கல்யாணத்தன்று ஒரு சங்கடம் வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

நாங்கள் இலஞ்சியில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தென்காசியில் ஒரு மரக்கடை முதலாளியிடம் லாரி ஓட்டினார். வாரத்தில் ஒரு நாள் லாரியோடு வீட்டுக்கு வருவார். தெருமுனையில் நிற்கும். பிள்ளைகள் எல்லாம் ஹாரனைப் பிடித்து அமுக்குவார்கள். எனக்கு ஹாரனில் ஆசை இல்லை. லாரியின் இடது பக்கத்தில் வெள்ளைச் சாயத்தில் இரண்டு வரி எழுதியிருக்கும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எழுத்து இங்கிலீஷ். இலக்கம் மட்டும் எனக்குத் தெரியும்.

சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் பல்லில் வேப்பங்குச்சியை வைத்துக்கொண்டே சொன்னார்.

"மேல உள்ளது வெறும் வயித்துக்கு. ரெண்டரை டன்னு. கீழ உள்ளது சாப்பிட்ட வயித்துக்கு. அஞ்சரை டன்னு. இடைல உள்ளதுதான் சோறு."

இடையில் உள்ளது மூன்று டன். டன்னுக்குப் பதிமூன்று அரிசி மூடை என்று வைத்துக்கொள்வார். அப்படியானால் முப்பத்தொன்பது மூடை. நாற்பதாவது மூடையை முதலாளியே தூக்கிவந்தாலும் ஏற்ற மாட்டார். கூட ஏற்றினால் பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிப்பார் என்று மற்ற டிரைவர்கள் பயந்தார்கள். சித்தப்பா இன்ஸ்பெக்டருக்குப் பயந்ததாகத் தெரியவில்லை. கணவாய் இறக்கத்தில் மூடை கூடின வண்டி எப்படி இறங்கும் என்று அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். யாருடைய வண்டி, என்ன ஆயிற்று என்று சொன்னதில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. வண்டியின் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டினார்கள். அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் லாரி ஓடியது. புறப்பட அரைமணி நேரத்துக்கு முன்பே கிளீனர் உட்கார்ந்து துருத்தி சுற்ற வேண்டும். அந்த வாரம் லாரி வந்தபோது மேல் வரியை அழித்து எழுதியிருந்தார்கள். இரண்டரை போய் இரண்டே முக்கால். கீழ் வரி அப்படியே ஐந்தரைதான்.

எனக்கு அது விளங்கவில்லை. வண்டி பெரிதாகி இருக்கிறது. வெறும் வயிற்று இலக்கம் கூடிவிட்டது. சாப்பிட்ட வயிற்று இலக்கம் ஏன் கூடவில்லை?

"தாங்குதது டயரும் சக்கரத்துக்கு மேல உள்ள வில்பட்டையும்லா," என்றார் சித்தப்பா. "அது ரெண்டும் பழசுதான. உருளை கூடினா சோத்துலதான் குறையும்."

அன்றிலிருந்து அவர் முப்பத்தைந்து மூடைக்கு மேல் ஏற்றவில்லை. அந்த ஐந்தரையை முதலில் யார் சொன்னது என்று கேட்டேன். வண்டி செய்தவன் சொன்னான் என்றார். அவன் எப்படிக் கண்டுபிடித்தான், ஒரு வண்டியை ஒடிகிற வரைக்கும் ஏற்றிப் பார்த்தானா என்று கேட்டேன். சித்தப்பா குச்சியை எடுத்துவிட்டு யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் என்னை மரக்கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே விறகு நிறுக்கிற பெரிய தராசு மூன்று கம்பில் தொங்கும். ஆள் எத்தனை ராத்தல் இருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் வாயை மூடட்டும் என்று சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு தட்டில் உட்கார வைத்து மறு தட்டில் கல்லைப் போட்டார். நாற்பத்திரண்டு ராத்தல். அரிசி மூடை நூற்றறுபத்தெட்டு. நாலு நான் சேர்ந்தால் ஒரு மூடை. ராத்தல் மிச்சமில்லாமல் வந்தது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிற பிள்ளையை விறகு மாதிரி நிறுக்கலாமா, கோவிலில் துலாபாரம் என்றால் அது சாமி காரியம், இது என்ன காரியம் என்று சித்தப்பாவைக் கேட்டாள். அம்மா மிளகாயும் உப்பும் எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஆடு கோழியை நிறுப்பார்கள். ஆளை நிறுக்க மாட்டார்கள். எடை தெரிந்தால் ஆயுசு குறையும் என்பார்கள். அதனால் ஊரில் யாருக்கும் யார் எடையும் தெரியாது.

எனக்கு என் எடை தெரியும். அதை வைத்து எல்லாரையும் எண்ண ஆரம்பித்தேன். பெரிய ஆள் என்றால் மூன்று நான். தயிர்க்காரி மூன்றரை. எங்கள் வாத்தியார் இரண்டே முக்கால் தேறமாட்டார். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற குதிரை வண்டிகள் எங்கள் ஊர் வழியாகப் போகும். ஒரு வண்டியில் ஆறு பேர், பதினெட்டு நான். குதிரை எத்தனை நான் என்பதுதான் தெரியவில்லை.

அத்தைக்குக் கல்யாணம் வந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. மாப்பிள்ளை வடகரை. எங்களை விட வசதியான குடும்பம். அரிசிக் கண்ட்ரோல் வருவதற்கு முந்திய வருஷம், ஆனி மாசம். இலஞ்சிக் குமாரர் கோவிலில் தாலி கட்டு. சாப்பாடு முடிந்ததும் பெண்ணை வடகரைக்கு அழைத்துப் போக வேண்டும். விளக்கு வைக்கும் முன்னால் பெண் வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்று சம்பந்தி சொல்லியிருந்தார். சம்பந்தி என்றால் மாப்பிள்ளையின் அப்பா.

சீர் சாமான்களை லாரியில் கொண்டுபோவது என்று பேச்சு. முதலாளி லாரியைக் கொடுத்தார். வடகரை போகிற வழியில் ஓர் ஆற்றுப் பாலம் உண்டு. போன ஐப்பசி வெள்ளத்தில் அதில் ஒரு கண், அதாவது அடி வளைவு, இடிந்துவிட்டது. மரத்தடிகளைப் போட்டு அடைத்து, நாலு டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று மராமத்துக்காரர்கள் பலகை நட்டிருந்தார்கள். சித்தப்பா அதையும் நினைத்துத்தான் சாமான் ஏற்றினார். வண்டி இரண்டே முக்கால். பாலம் நாலு. மிச்சம் ஒன்றேகால் டன், பதினாறு மூடை. அரிசி எட்டு மூடை. பித்தளை, ஆட்டுரல், அம்மி எல்லாம் சேர்த்து நாலு மூடைக்குச் சமம் என்று வைத்தார். ஆகப் பன்னிரண்டு. நாலு மூடை இடம் கிடக்கட்டும், மரத்தடியை நம்ப முடியாது என்றார்.

ஆட்கள் போக வில்வண்டிகள் பேசியிருந்தது. புறப்படுகிற நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றால மலை முழுசும் மறைந்துவிட்டது. பட்டுச் சேலைகளோடு யார் மாட்டு வண்டியில் நனைவார்கள்? லாரிக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. ஒவ்வொருவராக மாப்பிள்ளை வீட்டார் லாரியில் ஏறினார்கள். சித்தப்பா கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். முன்னால் டிரைவரை ஒட்டி மாப்பிள்ளை, அந்தப் பக்கக் கதவோரம் சம்பந்தி. அத்தை பின்னால், பெண்களோடு, அரிசி மூடை மேல் விரித்த ஜமுக்காளத்தில். பெண்ணுக்குத் துணையாக ஒரு சிறுமியை அனுப்புவது வழக்கம். நான் போனேன்.

மூடையைத் தொட்டுத் தொட்டு எண்ணிய சித்தப்பா, ஏறின ஆளை எண்ணவே இல்லை. அவர் என்றில்லை, யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பாரம் என்றால் சாமான். ஆள் என்றால் ஆள்.

எனக்குத்தான் வேறு வேலை இல்லை. எண்ணிப் பார்த்தேன். சித்தப்பாவையும் கிளீனரையும் விட்டு இருபத்தேழு பேர். அதில் என்னைச் சேர்த்துப் பிள்ளைகள் ஐந்து. பெரியவர்கள் இருபத்திரண்டு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நான், பெரியவர்கள் மூன்று, சம்பந்தி மட்டும் நாலரை. கூட்டினால் எழுபத்திரண்டரை நான். நாலால் வகுத்தால் பதினெட்டு மூடைக்குக் கொஞ்சம் மேலே. சாமானையும் சேர்த்து முப்பது. வண்டி தாங்கும் என்று எனக்குச் சந்தோஷம். பிறகுதான் பாலம் ஞாபகம் வந்தது.

டிரைவர் முதுகுக்குப் பின்னால் கம்பி வைத்த சின்ன ஜன்னல் உண்டு. அதில் வாயை வைத்துக் கேட்டேன்.

"சித்தப்பா, பாலத்துக் கணக்குல ஆள் உண்டா? ஆளே பதினெட்டு மூடை வருது."

அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். எதிரே பாலம் தெரிந்தது. பலகைக்குப் பத்தடி முன்னால் லாரியை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கிப்போய்ப் பலகையைப் பார்த்தார். அப்புறம் திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"என்ன மருமவனே, வண்டிக்கு மூச்சு முட்டுதா?" என்று சம்பந்தி கேட்டார்.

சித்தப்பா வந்து பணிவாகச் சொன்னார். பாலம் தாங்காது, எல்லாரும் இறங்கி அக்கரைக்கு நடந்துவிட வேண்டும், வண்டியைத் தான் மட்டும் மெதுவாகக் கொண்டுவந்து திரும்ப ஏற்றிக்கொள்கிறேன் என்றார். ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அரிசியும் அம்மியும் வண்டில வரும். நாங்க மழைல நடக்கணும்," என்றார் சம்பந்தி. "நல்ல மரியாதை. அப்போ மூடைய எறக்கு."

"மூடைய எறக்கினாலும் பத்தாது மாமா. ஆளே பதினெட்டு மூடை இருக்கிய. பாலம் பதினாறுதான் தாங்கும்."

"யாரு நிறுத்தா எங்கள?"

சித்தப்பா பொய் சொல்லத் தெரியாதவர். என்னைக் காட்டினார். சம்பந்தி உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்தார்.

"நீயா? நான் எத்தன மூடை, சொல்லு பாப்பம்."

"ஒரு மூடைக்குக் கொஞ்சம் மேல தாத்தா," என்றேன். கேட்டால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "நாலரை நான்," என்றும் சொன்னேன்.

பின்னால் ஒருத்தர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளையின் சித்தி என்று நினைக்கிறேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி சிரிக்கவில்லை. எடையைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பது வடகரையிலும் உண்டு போல. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வண்டியத் திருப்பு," என்றார். "எங்களத் தாங்குத பாலத்த என்னைக்குக் கட்டுதியளோ, அன்னைக்குப் பொண்ண அனுப்புங்க."

சத்தம் போடாமல் சொன்னார். சொன்னால் செய்கிறவர் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாலி கட்டின அன்றே பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு என்ன பேர் என்று எனக்கே தெரியும்.

சித்தப்பா மழையில் நின்றார். கையைக் கட்டியிருந்தார். "பாலம் நான் கட்டல மாமா. பலகையும் நான் நடல. இருவத்தேழு உசிரு இருக்கு," என்றார். கெஞ்சவும் இல்லை. வண்டியில் ஏறவும் இல்லை. அவர் இறங்கின பக்கத்துக் கதவு திறந்தபடியே கிடந்தது. சாரல் அடித்து ஸ்டியரிங்கெல்லாம் நனைந்தது.

ஒருவரும் அசையவில்லை. சம்பந்தி இறங்காமல் மற்றவர்கள் எப்படி இறங்குவார்கள்? நேரம் போய்க்கொண்டிருந்தது. மழை இருட்டு வேறு.

அப்போது அத்தை என் காதில் சொன்னாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீ இங்கனயே இரு. நான் எறங்கின பெறவு யாரு யாரு எறங்குதான்னு எண்ணிட்டு வா. வரிசை தப்பாம."

மாலையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். முகூர்த்தச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். பின் பலகை மேல் காலை வைத்துக் கீழே இறங்கிவிட்டாள். ஏட்டி, புதுப்பெண் கால் தரையில் படக்கூடாது என்று ஒருத்தி கையைப் பிடிக்கப் போனாள். பிடி கிடைக்கவில்லை. அத்தை யாரையும் பார்க்கவில்லை. சித்தப்பாவையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தனியாக, பாலத்தில் நடந்தாள். மரத்தடி போட்ட இடத்தில் மட்டும் நின்று பார்த்து அடி வைத்தாள். அக்கரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஒன்று என்று எண்ணினேன்.

மாப்பிள்ளைக்கு ஓர் அத்தை இருந்தாள். வெள்ளைச் சேலைக்காரி, வயதானவள். "புதுப்பொண்ணு ஒத்தைல போகுதா. பாத்துட்டு இருக்கிய," என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். அவளுக்கு முழங்கால் வலி. கிளீனர் தாங்கிப் பிடித்தான். இரண்டு. சிரித்த சித்தி, அவள் இரண்டு பிள்ளைகள். ஐந்து. அப்புறம் பெண்கள் எல்லாரும். அப்புறம் ஆண்கள், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வானத்தைத் திட்டிக்கொண்டு. ஒவ்வொரு ஆள் இறங்கும்போதும் வண்டி ஒரு நூல் மேலே எழும்புகிறதா என்று கவனித்தேன். எழும்பியது. வில்பட்டை கிரீச் என்றது. இருபத்துநாலு.

நானும் முன்னால் இருந்த இரண்டு பேரும்தான் பாக்கி. சம்பந்தி அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் வீட்டு ஆட்கள் அவ்வளவு பேரும் நின்றார்கள். கடைசியில் செருமினார். பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். இருபத்தைந்து. வண்டி நன்றாகவே எழும்பியது. மாப்பிள்ளை அவர் பின்னாலேயே இறங்கிப்போனார். இருபத்தாறு.

நான் அப்படியே இருந்தேன். சித்தப்பா வந்து பார்த்தார்.

"நீ மட்டும் எதுக்கு? கால் மூடை. எறங்கு."

கிளீனரையும் போகச் சொல்லிவிட்டார். நான் பாலத்துக்கு நடுவே நின்று வேடிக்கை பார்த்தேன். கிளீனர் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். சித்தப்பா கதவைச் சாத்தாமல், ஒரு காலை வெளியே படியில் வைத்துக்கொண்டு ஓட்டினார். நடந்தால்கூட அதைவிட வேகமாக வந்திருக்கலாம். மரத்தடி மேல் முன் சக்கரம் ஏறினபோது ஒரு சத்தம் கேட்டது. பின் சக்கரம் ஏறியது. மறுபடியும் சத்தம். வந்துவிட்டது.

எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு வந்திருந்தால் பாலம் தாங்கியிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருஷ ஐப்பசியில் மரத்தடிகள் வெள்ளத்தில் போய்விட்டன. அது தண்ணீர் செய்த வேலை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அத்தை அக்கரையில் ஒரு மரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றாள். பாலத்துக்கு முதுகு காட்டி நின்றாள். புதுப்பெண் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் ஓடிப்போய் மாலையைக் கொடுத்தேன். மற்றவர்கள் வண்டியில் ஏற முண்டிக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணினியா?" என்றாள்.

எண்ணினேன் என்றேன். இரண்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். வெள்ளைச் சேலைப் பாட்டி, சித்தி, சிவப்புக் கல் மூக்குத்திக்காரி, குடை வைத்திருந்த மாமா. பேர் தெரியாதவர்களை அடையாளம் சொன்னேன். அத்தை இருபது தாண்டினபோதுதான் கேட்டாள்.

"அவுக?"

"அவுக இருவத்தாறு. அவுக அப்பா எறங்கின பெறவு."

அத்தை முந்தானையைப் பிழிந்தாள். தண்ணீர் நிறைய வந்தது. பிறகு இன்னொன்று கேட்டாள்.

"சித்தப்பா எறங்கின பக்கத்துக் கதவு சாத்திக் கெடந்துதா?"

"இல்ல அத்தை. அவுக பக்கத்துலயே தொறந்துதான் கெடந்தது."

சரி என்று தலையை ஆட்டினாள். மாலையை அவளே போட்டுக்கொண்டாள். வண்டியில் ஏற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கை கொடுத்தார்கள். பலகையைப் பிடித்துத் தானே ஏறிக்கொண்டாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணினதில் ஓர் ஆள் விட்டுப்போகவில்லை, வரிசை தப்பவில்லை. கதவைப் பற்றிக் கேட்டதுகூட, கணக்கைச் சரி பார்க்கத்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு அவ்வளவு பேரில் என் கணக்கை நம்பி இறங்கினது அத்தை ஒருத்திதான் என்று வடகரை போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது.